நாற்பத்தேழு சிவப்புப் புள்ளிகள்

2025 ஜூன் 3, செவ்வாய்

இன்று அறுபத்திரண்டு கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் வந்தன. மாதிரி சேகரிக்கும் கேதீஸ்வரன் வழக்கம்போல ஈரக் கையோடு இலக்கத் துண்டு ஒட்டியிருந்தார். நாலு உரிந்து பெட்டிக்குள் கிடந்தது. "எது எந்தக் கிணறு எண்டு நான் மணந்து பாத்தோ சொல்லுறது?" என்று கேட்டேன். "நீங்கள் படிச்ச ஆள் அக்கா, ருசி பாத்தே சொல்லுவியள்" என்றார். ஆய்வுகூடத்தில் வேறு விசேஷம் இல்லை.

வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் யோனாஸின் அறிவித்தல். "எந்த இணைமொழிகள் மூலநிரலில் இருக்க வேண்டும்?"

என்றைக்காவது திருப்பி வாசிக்கும்போது எனக்கே விளங்கவேண்டும் என்பதற்காக ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஹெரன் ஒரு திறந்தமூலத் தரவுத்தளம். உலகத்தில் எவரும் எடுத்துப் பாவிக்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம். ஹெரனுக்கு ஒரு சொந்த மொழி இருக்கிறது. அதைவிட, உள்ளேயே கணக்குகள் எழுதுவதற்கு நான்கு இணைமொழிகள் சேர்ந்து வருகின்றன: பைதன், பேர்ள், லுவா, டிக்கிள். டிக்கிளை ஒன்பது வருடமாகப் பராமரிப்பது நான். சம்பளமில்லை. ஓய்வு நேரத்தில்.

யோனாஸ் நோர்வேக்காரர். பொறுப்புக்கு வந்து ஒரு மாதம். நான்கும் தேவையா என்று தீர்மானிக்க அட்டவணை போட்டிருக்கிறார். டிக்கிளுக்கு நேரே: பராமரிப்பவர் ஒருவர். பரிசோதிக்கும் கணினி ஒன்று. இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு சிவப்பு. பரிந்துரை: நீக்கலாம்.

அந்த ஒரு கணினி என் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. பரிசோதனைக் கணினிகளுக்குப் பறவைப் பெயர் வைப்பது ஹெரனில் வழக்கம், என்னுடையது செம்பகம். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, ஆறு மணித்தியாலம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து முடிவை அனுப்பும். எல்லாம் சரி என்றால் அவர்களுடைய பக்கத்தில் பச்சைப் புள்ளி. பிழை வந்தால் சிவப்பு. முடிவே வராவிட்டாலும் சிவப்பு.

நாற்பத்தேழும் கரண்ட் போன நாள். கொழும்புத்துறையில் கரண்ட் போவதற்கு டிக்கிள் என்ன செய்யும்?

நீக்கலாமாம்.

ஜூன் 4

மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தேன். முதலாவதில் "அவமதிப்பு" என்ற சொல் நான்கு தடவை வந்திருந்தது.

சிவரூபன் தேத்தண்ணியோடு வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, உந்த கிச்சுக்கிச்சு மொழியைத் தூக்கப் போறாங்களோ? நல்லதாப் போச்சு. இனி ஞாயிற்றுக்கிழமையிலயாவது மனிசி மனிசியா இருப்பா."

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாவம். கல்யாணம் கட்டி இருபது வருடத்தில் அந்தப் பார்வையை எத்தனை தரம் கண்டிருப்பார்.

ஜூன் 5

குணலட்சுமி அக்காவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு அவதான்.

2,314 கிணறுகள் எங்கள் பதிவில் இருக்கின்றன. கருவி காட்டும் எண்ணிலிருந்து நைத்திரேற்று எவ்வளவு, உப்பு எவ்வளவு, குடிக்கலாமா என்று கணக்குப் பார்ப்பவை நாற்பத்தொரு நிரல்கள். எல்லாம் நான் எழுதியவை, எல்லாம் டிக்கிளில். சேவையகம் கொழும்பில். ஹெரன் மூலநிரலோடு சேர்ந்து வராத எதையும் அங்கே ஏற்ற விடமாட்டார்கள், பாதுகாப்பாம். நவம்பரில் புதிய பதிப்புக்கு மாறுவார்கள். அதில் டிக்கிள் இல்லாவிட்டால் அன்றோடு எங்கள் பதிவு ஊமை.

அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப வேற மொழியில எழுதேலாதோ?" என்றா.

எழுதலாம். எழுதேலாதெண்டு ஆர் சொன்னது? நாலு வருஷத்து வேலை. ரெண்டு தேத்தண்ணிக்கு நடுவில செய்து முடிக்கிற விஷயமோ அது? அதுவும், ஆரோ ஒருத்தன் அட்டவணை போட்டான் எண்டதுக்காக?

"ஓம் அக்கா, பாப்பம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓம் சொல்லிவிட்டு உள்ளே எரிவது எனக்குப் பழகிப் போனது.

ஜூன் 9

நான்காவது பதிலை வெள்ளிக்கிழமை அனுப்பினேன். மரியாதையாகத்தான். இன்று யோனாஸ் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் மின்சாரம் இருக்கவில்லை என்பதை உங்களைத் தவிர வேறு ஒரு மூலத்திலிருந்து காட்டினால் பரிந்துரையை மாற்றுகிறேன். ஜூன் 30 வாக்கெடுப்பு.

என்னைத் தவிர வேறு ஒரு மூலம்! கிராம சேவையாளரிட்டைக் கடிதம் வாங்கி அனுப்பட்டோ? "மேற்படி நிரோஜினி சிவரூபன் பொய் சொல்லமாட்டா என உறுதிப்படுத்துகிறேன்" எண்டு சீல் குத்தி?

கணினியில் இருந்த குறிப்புகளும் இல்லை. வட்டு சிறியது, மாதத்துக்கு ஒருமுறை நானே அழித்துவிடுவேன். கரண்ட் போன நாளின் குறிப்பை எவராவது பத்திரப்படுத்துவார்களா?

இரவுச் சாப்பாட்டில் சிவரூபன்தான் சொன்னார்: "குருநகர் ஐஸ் பக்ரறியில செபமாலை அண்ணை இருக்கிறார். கரண்ட் நிண்ட நிமிஷமே ஜெனரேற்றர் போடுற ஆள். எழுதி வைக்காமல் இருக்கமாட்டார். எங்கடை கரண்ட் லைன்தான் அங்கையும்."

சில வேளை இந்த மனிதரைக் கட்டினது சரிதான்.

ஜூன் 14, சனி

குருநகர். ஐஸ் உடைக்கிற சத்தத்தில் நான் கத்த, செபமாலை அண்ணையும் கத்த, வள்ளத்துக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கரண்ட் போன கணக்கோ? ஆருக்கு?"

"நோர்வேயில ஒராளுக்கு அண்ணை."

"நோர்வேக்காரனுக்கு எங்கடை கரண்ட் என்னத்துக்குப் பிள்ளை? இஞ்ச குளிரில்லை எண்டோ கவலை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பத்து நாளில் முதல் தடவை.

ஆனால் கொப்பி இருந்தது. ஐந்து வருடத்துக்கு, நீல மட்டை போட்டு. திகதி, நின்ற நேரம், வந்த நேரம், கையெழுத்து. மழை ஈரத்தில் மை ஊறிய இடத்தில் திரும்ப எழுதியிருந்தார். இரண்டு வருடத்துப் பக்கங்களையும் படம் எடுத்தேன். "கொப்பி நோர்வேக்குப் போகாது. படம் மட்டும் போகலாம்" என்றார்.

ஜூன் 15

காலை முழுவதும் ஒப்பிட்டேன். வலப்பக்கம் சிவப்பு நாட்கள், இடப்பக்கம் ஐஸ் கொப்பி. ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம். யோனாஸுக்கு எழுதவேண்டிய வசனங்கள் தாமாக வந்தன. முப்பது. முப்பத்தைந்து. நாற்பது.

நாற்பத்து மூன்று.

நான்கு பொருந்தவில்லை. அந்த நான்கு நாட்களும் கொப்பியில் வெறுமை.

ஜூன் 16

செபமாலை அண்ணைக்கு அழைத்தேன். நாலு நாள் நீங்கள் எழுத மறந்திருப்பீர்கள் என்றேன்.

"பிள்ளை, நீர் மறந்தால் உம்மடை மிசினுக்கு ஒரு புள்ளி. நான் மறந்தால் எனக்கு எட்டாயிரம் கிலோ ஐஸ் தண்ணி. நான் மறக்கேல்லை."

"அண்ணை, மனுசர் எண்டால் பிழை வரும்தானே..."

"ஓம். வரும். உமக்கும் வரும்."

வைத்துவிட்டார். என்ன திமிர்.

ஜூன் 17

கரண்ட்தான். வேறென்ன.

ஜூன் 18

நான்கில் ஒன்று போன வருடம் ஒக்ரோபர் 19. இரவு முழுக்க அந்தத் திகதி உறுத்தியது. காலையில் பல்லுத் தீட்டும்போது ஞாபகம் வந்தது. அன்று மாமியின் ஆண்டுத் திவசம். காலை ஐந்து மணியிலிருந்து உழுந்து, கடலை, தேங்காய் என்று கிரைண்டர் ஓடியபடி. ஐயருக்கு மின்விசிறி. மத்தியானம் சின்ன மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்த்தார், மூன்று மணி வரை.

கரண்ட் போகவில்லை.

அன்று மாலை சிவப்பைப் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டு, குறிப்பைத் திறக்காமலே "கரண்ட்" என்று மூடியிருப்பேன். அன்று முழுவதும் என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும்.

இந்த ஊரில் எல்லாப் பிழைக்கும் ஒரு பெயர்தான். இட்டலி பொங்காவிட்டாலும் கரண்ட்.

ஜூன் 20, வெள்ளி

செம்பகத்தில் டிக்கிள் பரிசோதனைகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பச்சை, பச்சை, பச்சை. நாற்பது தரம் ஆனதும் என்னை நானே திட்டிக்கொண்டேன், வீண் பயம் என்று. எழுபது. எண்பது.

எண்பத்து மூன்றாவது தரம் சிவப்பு.

கரண்ட் இருந்தது.

ஜூன் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

ஒரு கிணற்றின் அளவு கருவியின் எல்லைக்கு மேலே போனால் அந்த வரி "பிழை" என்று நிற்கும். அது சரி, தண்ணீர் கலந்து திரும்ப அளப்போம். ஆனால் அதற்கு அடுத்து வருகிற கிணற்றுக்கு, எப்போதாவது ஒருமுறை, அதன் சொந்த விடை போவதில்லை. பிழைக்கு முந்தின கிணற்றின் விடை போய் உட்கார்ந்துவிடுகிறது. பழைய விடையை நினைவகத்தில் துடைக்காமல் விட்டிருக்கிறேன். ஒரு வரி. ஒன்பது வருடம்.

நல்லவேளை, கருவி காட்டிய எண்கள் அப்படியே பதிவில் இருக்கின்றன. டிக்கிளைத் தொடாமல் வேறு வழியில் 2,314 கிணற்றையும் திரும்பக் கணக்கிட்டேன். பத்தொன்பது கிணற்றுக்குப் பிழையான விடை. பதின்மூன்று பரவாயில்லை, எல்லைக்கு உள்ளேதான். நைத்திரேற்று ஐம்பதுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. ஆறு கிணறுகள் ஐம்பதுக்கு மேல். ஆறுக்கும் நாங்கள் "குடிக்கலாம்" என்று கடிதம் கொடுத்திருக்கிறோம்.

ஆறும் தெல்லிப்பழைப் பக்கம். தோட்டத்து உரம் இறங்குகிற கிணறுகள்.

குணலட்சுமி அக்காவுக்கு அழைத்தேன். "திங்கள் வரட்டும் நிரோ, மேல ஒருக்காக் கேட்டிட்டு, திருத்தின கடிதத்தை அனுப்புவம். காரணம் எழுதத் தேவையில்லை, சனம் பயந்திடும்."

"அக்கா, அவையள் இண்டைக்கும் தண்ணி குடிப்பினம். நாளைக்கும் குடிப்பினம். திங்கள் வரைக்கும் தண்ணி குடியாமல் இருக்கச் சொல்லட்டோ?"

கத்திவிட்டேன். பொறுப்பாளர் மேல். வேலை போனால் போகட்டும். இல்லை, அவ மேல் இல்லை அந்தக் கோபம். எனக்குத் தெரியும் ஆர் மேல எண்டு.

கேதீஸ்வரனுக்கு அழைத்தேன். "விடிய ஆறு மணிக்கு வாறன் அக்கா" என்றார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்து வீடுகளில் பெரிய சிக்கலில்லை. ஒரு வீட்டில் ஆட்களே இல்லை, கனடா. ஒருவர் "உங்கடை கடிதத்தை நம்பி பில்டர் வாங்காமல் விட்டனான்" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆறாவது வீட்டில் உதயகலா. இருபத்தைந்து வயது இருக்கும். கையில் நாலு மாதக் குழந்தை. எங்கள் கடிதத்தில் அவர்களுடைய கிணறு முப்பத்தொன்று. உண்மையில் தொண்ணூற்று நான்கு.

"பிள்ளைக்கு என்ன பால்?" என்று கேட்டேன்.

"மாப்பால்தான் அக்கா. எனக்குப் பால் காணாது. ஆனால் பயமில்லை, இந்தத் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் கரைக்கிறனாங்கள். பத்து நிமிஷம் கொதிக்க விடுவன்."

கைக்குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசனைக் குறைத்துவிடும் நைத்திரேற்று, கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடும்.

அதை அவளுக்கு நான்தான் சொன்னேன். சொல்லும்போது அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். எனக்கு எட்டாத பக்கம். "நீங்கள்தானே அக்கா குடிக்கலாம் எண்டு எழுதித் தந்தனீங்கள்?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அங்கிருந்தே தாயும் பிள்ளையும் நானும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேதீஸ்வரன் பின்னால் மோட்டார் சைக்கிளில், தகப்பன்காரனை ஏற்றிக்கொண்டு. இரத்தம் எடுத்தார்கள். ஐந்து மணிக்குச் சொன்னார்கள்: இப்போதைக்குப் பயமில்லை, வேறு தண்ணீர் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சிவரூபன் கதவைத் தட்டவில்லை. வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 23

உதயகலா வீட்டுக்குக் குடிதண்ணீர் பவுசர் வண்டி ஒழுங்கு. குணலட்சுமி அக்கா என்னோடு கதைக்கவில்லை, ஆனால் பவுசருக்கு அழைத்தது அவதான். ஆறு வீட்டுக்கும் காரணம் எழுதிய கடிதம். கீழே அக்காவின் கையெழுத்தும், என்னுடையதும்.

ஜூன் 25

இனி யோனாஸ்.

நாற்பத்து மூன்றை அனுப்பலாம். நாற்பத்தேழில் நாற்பத்து மூன்று என்றால் எவரும் போதும் என்பார்கள். மிச்சம் நான்கு "தெரியவில்லை" என்று ஒரு வசனம். பிழையைப் பிறகு, ஜூலையில், சத்தமில்லாமல் திருத்தலாம். டிக்கிள் தப்பும், பதிவும் தப்பும். பொய்கூட இல்லை அது.

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்பதே எனக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் நின்ற அதே ஆள்தானா நான்?

ஆனால் அவையளுக்கு ஏன் சொல்லோணும்? ஒன்பது வருஷம் அனுப்பின ஒரு திருத்தத்தையாவது ஒருத்தன் ஒழுங்கா வாசிச்சவனோ? "நன்றி, சேர்த்துவிட்டேன்" எண்டு ஒரு வரி. வாசிச்சிருந்தால் ஆரும் ஒருத்தர் கண்டிருப்பினமே!

இப்போது டிக்கிளைப் பாவிக்கிற வேறு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எதை அளக்கிறார்கள் என்றும் தெரியாது. மருந்தாக இருக்கலாம்.

ஜூன் 26

அனுப்பிவிட்டேன். நாற்பத்து மூன்றும், நான்கும், பிழையும், திருத்தமும், ஐஸ் கொப்பியின் படங்களும். ஆறு கிணற்றையும் எழுதினேன். குழந்தையை எழுதவில்லை. அது பரிதாபம் கேட்பதாகிவிடும்.

ஜூன் 27

ஹெரன்காரர் எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல் பட்டியலில் ஒரே ஒரு பதில். யோனாஸ் மட்டும்: "நன்றி. பார்க்கிறேன்."

பாருங்கோ.

ஜூன் 28, சனி

பார்த்திருக்கிறார்.

அந்தப் பகுதியை ஒன்பது வருடத்துக்கு முன் நான் பைதன் பகுதியைப் பார்த்துத்தான் எழுதினேன். அப்போது அதுதான் எல்லோருக்கும் மாதிரி. யோனாஸ் அங்கே போய்த் தேடியிருக்கிறார். அதே பிழை அங்கேயும். உலகம் முழுக்கப் பாவிக்கிற பைதனில், ஆறு கணினிகள் தினமும் பரிசோதித்து இரண்டு வருடமாக ஒரு சிவப்பும் இல்லாத பைதனில்!

எப்படி? அவர்களுடைய கணினிகளில் ஒரு பரிசோதனையில் பிழை வந்தால் அதுவே திரும்ப ஓடும், மூன்று தரம் வரை. மூன்றில் ஒன்று பச்சை என்றால் பச்சை. செம்பகம் ஒரு தரம் ஓடவே ஆறு மணித்தியாலம். மூன்று தரத்துக்கு எனக்கு நேரமுமில்லை, கரண்டுமில்லை. அதனால் அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருந்தேன். பிழையைப் பிழை என்று காட்டிய ஒரே கணினி அதுதான்.

அதைத்தான் நானும் நம்பவில்லை.

சிவரூபனிடம் சொன்னேன். "அப்ப நீர் வெண்டிட்டீர்" என்றார். இல்லையப்பா. வென்றால் இப்படியா இருக்கும்?

ஜூலை 1

வாக்கெடுப்பு முடிந்தது. பைதனில் என் திருத்தம் சேர்க்கப்பட்டது. பைதன், பேர்ள், லுவா இருக்கும். டிக்கிள் நீக்கப்படும். ஐந்துக்கு இரண்டு.

யோனாஸ் தனியாக எழுதியிருக்கிறார். சிவப்புகளுக்காக அல்லவாம். நிரலின் தரத்துக்காகவும் அல்லவாம். ஒரே ஒருவர் மட்டும் வாசிக்கிற நிரலை எல்லோருக்கும் கொடுக்கிற மூலநிரலில் வைத்திருக்கக் கூடாது என்று இந்தப் பிழையே காட்டிவிட்டதாம்.

ஒருத்தி மட்டும் வாசிச்சால் மற்றவையை ஆர் மறிச்சது? கதவு பூட்டியோ கிடந்தது? பைதனை எத்தனை பேர் வாசிச்சவை? அவையளும் காணேல்லைத்தானே! நான் சொல்லாமல் விட்டிருந்தால் டிக்கிள் இருந்திருக்கும். சொன்னதுக்கு இதோ பரிசு.

கோப்பை ஒன்றை உடைத்துவிட்டேன். தெரியாமல் இல்லை.

ஜூலை 2

இன்னொரு மின்னஞ்சல். ஹெரனின் வழக்கப்படி, ஒரு பகுதியை நீக்கும் திருத்தத்தை அதைப் பராமரித்தவரே எழுதவேண்டும். "வசதிப்படும்போது."

எழுதமாட்டேன்.

ஜூலை 12, சனி

எழுதத் தொடங்கினேன். நான் எழுதாவிட்டால் அரைகுறையாக வேறு யாரோ பிடுங்குவார்கள். பாதி வேர் உள்ளே நிற்கும்.

டிக்கிள் அதற்கென்ற கோப்புறையில் மட்டும் இல்லை. அறுபத்து மூன்று இடங்களில் தொட்டு நிற்கிறது. நிறுவும் கட்டளையில் இரண்டு வரி, பிழைச் செய்திகளில் ஒன்று, வழிகாட்டியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு அடிக்குறிப்பு. ஒவ்வொன்றும் எங்கே என்று தேடாமலே கை போனது. நாற்பதாவது இடத்தில் நிறுத்தினேன். இவை எங்கே இருக்கின்றன என்று என்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு என்னைப் பஸ் அடித்தால் இதைப் பிடுங்கக்கூட ஆளில்லை.

யோனாஸ் சொன்னது அதைத்தான்.

சரியாகச் சொல்கிறவன் மேல் வருகிற கோபம் தனிச் சாதி. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 14

அனுப்பினேன். பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் நீக்கம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

நாற்பத்தொரு நிரல்களையும் ஹெரனின் சொந்த மொழியில் எழுதி முடித்தேன். பதினெட்டு வேலை நாள். ஒவ்வொன்றையும் கேதீஸ்வரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். அவருக்கு நிரல் தெரியாது. ஆனால் ஒரு கிணற்றுக்கு விடை எவ்வளவு வரவேண்டும் என்று தெரியும். இரண்டு இடத்தில் "இது வராதே அக்கா" என்றார். இரண்டிலும் அவர் சொன்னதுதான் சரி.

2,314 கிணறும் பொருந்தியது. குணலட்சுமி அக்கா வந்து பார்த்தா. "இதைத்தானே நான் முதலே கேட்டனான்" என்றா. சொல்லிவிட்டு, போகும்போது என் மேசையில் ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனா. அவவின் மன்னிப்பு எப்போதும் பழமாகத்தான் வரும்.

செப்ரெம்பர் 3

யோனாஸ்: தீர்மானிக்கும் ஏழு பேரில் ஒருவர் விலகுகிறார், அந்த இடத்துக்கு வர விருப்பமா?

என்ரை மொழியைத் தூக்கிப்போட்டு என்னைக் கூப்பிடுறார். என்ன மனுசன் இவர்! பதில் எழுதவில்லை.

செப்ரெம்பர் 7

எழுதினேன். இரண்டு நிபந்தனை. முடிவு வராத நாளுக்கு வேறு நிறம் வேண்டும். திரும்ப ஓடிப் பச்சையாகிறதை எல்லாக் கணினியிலும் நிறுத்த வேண்டும்.

மாலையே "ஓம்" வந்தது.

செப்ரெம்பர் 8

பைதனுக்கு இரண்டு சிவப்பு.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

ஸ்கீம் என்ற மொழியை மூலநிரலில் சேர்க்கச் சொல்லி மொங்கோலியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து வருடமாகத் தனியாக எழுதுகிறார். நாற்பது நூலகங்களின் புத்தகப் பட்டியல் அதில்தான் ஓடுகிறதாம். மூன்று கணினி, எல்லாம் பச்சை. கடிதம் நீளம், ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் முற்றுப்புள்ளி வைத்திருப்பார்.

மற்ற ஆறு பேரில் மூன்று பேர் வேண்டும், மூன்று பேர் வேண்டாம். மிஞ்சியது நான்.

வேண்டாம் என்று எழுதினேன். இப்போதைக்கு வேண்டாம், இன்னொருவர் வாசித்த பிறகு கேளுங்கள் என்று. பிறகு, எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல் பட்டியலில் இல்லாமல் அவருக்கு மட்டும், அந்த இன்னொருவராக நான் இருக்கலாமா என்று கேட்டேன்.

நிரலை அனுப்பியிருக்கிறார். ஆறாயிரத்து முந்நூறு வரி. இன்று இருநூறு வாசித்தேன். நூற்றெழுபத்தோராவது வரியில் ஒரு சந்தேகம், குறித்து வைத்திருக்கிறேன்.

மனிதர் கடுங்கோபத்தில் இருக்கிறார். மின்னஞ்சலில் கோப்பு மட்டும்தான். ஒரு வணக்கம்கூட இல்லை.